பம்புசெட் கதவில் விழுந்த குழி

எங்கள் மாந்தோப்பின் பம்புசெட் அறைக்கு இரும்புத் தகட்டுக் கதவு. அந்தக் கதவில், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், உள்ளங்கையைக் குவித்து வைத்தால் பொருந்துகிற அளவில் ஒரு குழி இருக்கிறது. நடுவில் பெயின்ட் உதிர்ந்து, மூன்று மழைக்காலம் நனைந்ததில் துருவேறிவிட்டது. தட்டி நிமிர்த்தி வண்ணம் பூசிவிடலாம் என்று பலர் சொல்லியும் நான் அதைத் தொடவிடவில்லை. டிராக்டரில் பூட்டிய புல்வெட்டியிலிருந்து தெறித்த ஒரு கல் போட்ட குழி அது. யாருக்கும் அடிபடவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் அந்தக் காலைக்குப் பிறகு, நான் அதுவரை அந்த இயந்திரத்துக்குச் செய்திருந்த வேலைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

தோப்பு பரதராமியைத் தாண்டி, சித்தூர் மாவட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போனால் வரும். குடியாத்தத்திலிருந்து அந்தச் சாலையில் போனவர்களுக்கு நிலம் எப்படி இருக்கும் என்று தெரியும். செம்மண், அதற்குக் கீழே கருங்கல். சில இடங்களில் பாறை யானை முதுகுபோல் வெளியே தெரியும். ஆபத்தில்லாத பாறை அதுதான், ஏனென்றால் ஓட்டுகிறவன் அதைப் பார்த்து விலகிப் போவான். புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒளிந்திருக்கும் குத்துக்கல்லும், ஒவ்வொரு பெருமழைக்கும் மண் கரைந்து புதிதாக மேலே வரும் எலுமிச்சை அளவுச் சரளையும்தான் தொல்லை. போன வருடம் பொறுக்கிச் சுத்தம் செய்த வரிசையில் இந்த வருடம் மறுபடியும் கல் கிடக்கும். நிலமே கல்லை விளைவிக்கிறது என்று இங்கே சொல்வார்கள். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே பெய்கிற ஊர் என்பதால் வருடத்துக்கு இரண்டு போகம் கல் உண்டு.

உழுதுவிட்டால் புல் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் உழுதோம். கலப்பை ஆழத்தில் படர்ந்திருக்கும் மாமரத்தின் ஊட்டவேர்கள் அறுந்தன, சரிவில் மேல்மண் கானாற்றுக்குப் போனது, கல் மட்டும் மிஞ்சியது. களைக்கொல்லியை அடிக்க எனக்கு விருப்பமில்லை. வெட்டாமல் விட்டால் மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு போதும். கண்ணாடி விரியனுக்கும் அந்தப் புல்தான் இருப்பிடம். ஆகவே புல்லை வெட்டி, வெட்டியதை அங்கேயே மூடாக்காக விடுவது என்று முடிவு செய்து, டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் ஐந்தடி அகலப் புல்வெட்டி, ஸ்லாஷர் என்பார்கள், ஒன்றை வாங்கினேன்.

இயந்திரம் உடையாமல் இருக்க

வாங்கிய முதல் பருவத்திலேயே ஷியர் போல்ட் ஒரு நாளைக்கு நாலு, ஐந்து என்று உடைந்தது. டிராக்டரின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வையும் புல்வெட்டியின் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஷாஃப்டில், கத்தி கல்லில் மோதினால் முதலில் தான் உடைந்து மற்றவற்றைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்திருக்கும் மெல்லிய போல்ட் அது. ஒவ்வொரு முறையும் இறங்கி, உடைந்த துண்டைத் தட்டி எடுத்து, புதியதைப் போட்டு முடிப்பதற்குள் கால்மணி நேரம் போய்விடும். இரண்டாவது வாரம் பொறுமை இழந்து, தலையில் 8.8 என்று பொறித்த கெட்டி போல்ட்டைப் போட்டேன். அந்த எண்ணின் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த எஃகின் இழுவிசைத் தாங்குதிறன் மெகாபாஸ்கலில் கிடைக்கும், 4.6 என்ற சாதாரண போல்ட்டுக்கு 400, 8.8-க்கு 800. அதாவது, உடைவதற்காகவே இருந்த இடத்தில் உடைய இரண்டு மடங்கு விசை கேட்கும் பொருளை நான் பூட்டிவிட்டேன். போல்ட் உடைவது நின்றது. வேலை நன்றாக நடக்கிறது என்று மகிழ்ந்தேன்.

அடுத்தது கத்தி. கம்பெனிக் கத்தி கல்லில் பட்டுப் பட்டு முனை மழுங்கியதால், பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து ஒரு ஜோடி செய்து போட்டோம். கருங்கல்லில் பட்டாலும் அதில் விளிம்பு மடங்கவில்லை. பிறகு, பாறையில் மேல்மூடி இடிக்கக் கூடாது என்பதற்காக, இரு பக்கமும் தரையை உரசிச் செல்லும் சறுக்குப் பட்டைகளுக்குக் கீழே துண்டுகள் வைத்து வெல்டிங் செய்து, வெட்டும் உயரத்தை மூன்று அங்குலத்திலிருந்து ஏழு அங்குலத்துக்கு உயர்த்தினோம். கடைசியாக, பின்புறம் தொங்கிய சங்கிலிகள். வாங்கும்போது கடையில் அதைக் கூடுதல் சாமான் என்று சொல்லித் தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள். ஈரப்புல் அதில் சிக்கிக் கற்றையாகச் சேர்ந்து, வெட்டிய புல் வெளியே போகாமல் அடைத்துக்கொண்டது. ஒரு மத்தியானத்தில் அத்தனையையும் கழற்றி மூலையில் போட்டேன்.

நான்கு மாற்றங்களும் எனக்கு அப்போது பெருமையாக இருந்தன. பக்கத்துத் தோப்புக்காரர்கள் வந்து பார்த்து, தங்கள் இயந்திரத்துக்கும் அப்படியே செய்துகொண்டார்கள். அது இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது.

ஐப்பசியில் ஒரு காலை

மழை இரண்டு நாள் விட்டிருந்தது. டிரைவர் தம்பி ஏழு மணிக்கே மேற்கு வரிசையில் வெட்டத் தொடங்கிவிட்டான். நான்கு பெண்கள் கிழக்குப் பக்கத்தில் மரப்பாத்திகளைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்களிடம் தமிழிலும் மற்றப் பெண்களிடம் தெலுங்கிலும் ஒரே மூச்சில் பேசுவார். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புசெட்டுக்கு வந்து, கதவோரக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் போனார். பத்து மரம் தாண்டியிருக்க மாட்டார். டிராக்டர் பக்கம் ஒரு கணீர் சத்தம், உடனே என் முதுகுக்குப் பின்னால் வெடிபோல இன்னொரு சத்தம். அக்கா குடத்தைப் போட்டுவிட்டு, "ராயி, ராயி!" என்று கத்தினார். கல்லைப் பார்த்தது அவர் ஒருவர்தான். எனக்குக் கேட்டது மட்டும்தான்.

கல் கதவில் மோதி இரண்டு துண்டாகி, குழாயடியில் கிடந்தது. இரண்டையும் சேர்த்து வீட்டுத் தராசில் வைத்தேன்; 200 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். டிராக்டர் நின்ற இடத்திலிருந்து கதவு வரை ஐந்து மரவரிசை, கிட்டத்தட்ட 45 மீட்டர். எல்லோரும் நல்ல வேளை என்றார்கள். தம்பி இறங்கி வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. எங்கள் கியர்பாக்ஸ் அதைக் கத்திக்குச் சுமார் 800 சுற்றாக உயர்த்துகிறது. ஐந்தடி அகலம் என்றால் கத்தி முனை நடுவிலிருந்து முக்கால் மீட்டரில் சுழல்கிறது. அப்படியானால் முனையின் வேகம் நொடிக்கு 62 மீட்டருக்கு மேல், மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல். கத்தியின் வேகத்தில் பாதிதான் கல்லுக்கு வந்தது என்று வைத்தாலும் மணிக்கு 110 கிலோமீட்டர். கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். அந்த வேகத்தில் வரும் பந்துக்கே தலைக்கவசமும் நெஞ்சுக் கவசமும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இது அதைவிடக் கனமான, விளிம்புள்ள கருங்கல். ஸ்லாஷரோடு வந்த கையேட்டில் 100 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று அச்சிட்டிருந்ததை அன்றிரவுதான் ஒழுங்காகப் படித்தேன்.

கதவிலிருந்து பார்த்தபோது

மறுநாள் சாயங்காலம், இயந்திரத்தை நேற்று நின்ற அதே இடத்தில், அதே திசையில் நிறுத்தச் சொன்னேன். மேற்கு வரிசை கொஞ்சம் மேடு. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, கதவுக்கு முன்னால் குந்தி, குழி இருக்கும் உயரத்தில் என் கண்ணை வைத்துப் பார்த்தேன். சங்கிலி கழற்றிய பின்வாய் முழுவதும் திறந்து கிடந்தது. அதற்குள்ளே, 45 மீட்டர் தள்ளி, கத்தியின் நுனி வெயிலில் மின்னுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கத்தி எனக்குத் தெரிகிறது என்றால் கத்தியிலிருந்து எனக்கு வழி இருக்கிறது. அக்கா தண்ணீர் பிடித்தபோது அவருடைய நெஞ்சு இருந்த உயரம் அது.

இருட்டிய பிறகு இன்னொன்று செய்தோம். நல்ல வெளிச்சமுள்ள ஒரு டார்ச்சை மேல்மூடிக்கு அடியில், கத்தி சுழலும் மட்டத்தில் வைத்துவிட்டு, தம்பியும் நானும் இயந்திரத்தைச் சுற்றி வந்தோம். பின்னால் விசிறிபோல வெளிச்சம் விரிந்து மரத்தடிகளில் விழுந்தது. பக்கவாட்டில், ஏழு அங்குல இடைவெளி வழியாக இரண்டு நீண்ட பட்டைகள். முன்புறம் டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு நடுவே புகுந்து, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்திலும் வெளிச்சம். தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, என் கால்மேலயே அடிக்குது" என்றான். கல் தரையில் பட்டுத் திரும்பியும் தெறிக்கும், ஆகவே இருட்டாக இருந்த இடமெல்லாம் பத்திரம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை.

நான் செய்த நான்கு மாற்றங்களும் இயந்திரத்தைக் காப்பாற்றவே என்பது அங்கேதான் உறைத்தது. உயரத்தைக் கூட்டியது மேல்மூடி நசுங்காமலிருக்க. அதனால் கல் வெளியேறும் இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. சங்கிலியைக் கழற்றியது வேலை தடைபடாமலிருக்க. கெட்டி போல்ட்டும் கெட்டிக் கத்தியும் செலவு குறைய. அந்த இரண்டையும் கழற்றிப் பார்த்தபோது, கியர்பாக்ஸில் ஒரு பல்லின் ஓரம் சிதைந்திருந்தது. கத்தியில் போல்ட் துளையின் விளிம்பில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. தோய்த்து இறுக்கிய எஃகை மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்தாவிட்டால் அது கண்ணாடிபோல நொறுங்கும். இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் கல்லுக்குப் பதிலாக அரைக்கத்தி பறந்திருக்கும்.

மறுபடியும் பட்டறைக்கு

கத்தியை மாற்றுவது எளிதாக முடிந்தது. கம்பெனிக் கத்தியையே ஜோடியாக வாங்கினோம்; ஒன்று தேய்ந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது, இரண்டின் எடையும் ஒன்றாக இருக்கிறதா என்று நிறுத்துப் பார்ப்பது, எக்காரணத்துக்காகவும் கத்தியில் வெல்டிங் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். கத்திகள் இறுக்கிப் பூட்டப்படாமல் போல்ட்டில் தளர்வாகத் தொங்கி, சுழற்சியால் விரிந்து, கல்லில் பட்டதும் பின்னால் மடங்க வேண்டும். துரு ஏறி அவை அசையாமல் போயிருந்தன. சுத்தம் செய்து விடுவித்தோம். கத்திகளைத் தாங்கியிருந்த நேர்ப்பட்டையை எடுத்துவிட்டு, கவிழ்த்த உருளித்தட்டுப் போன்ற வட்டத் தட்டைப் பொருத்தினோம். குத்துக்கல் வந்தால் தட்டின் அடிப்பகுதி அதன்மேல் வழுக்கி ஏறி இறங்கிவிடும். கத்தி நேராகப் போய் முட்டாது.

ஷியர் போல்ட்டுக்குப் பதிலாக ஸ்லிப் கிளட்ச் வைத்த ஷாஃப்ட் வாங்கினேன். விலை கொஞ்சம் உறைத்தது. மோதினால் தட்டுகள் வழுக்கிச் சுழலும். இறங்கி போல்ட் மாற்ற வேண்டாம். ஆனால் ஆறு மாதம் சும்மா நின்றால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அப்போது அது வெறும் இரும்புக் கட்டைதான். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஓரிரு நொடி பி.டி.ஓ.வைப் போட்டு வழுக்கவிட்டு, அணைத்து, பழைய அளவுக்கே இறுக்க வேண்டும். இங்கே பல தோப்புகளில் ஸ்லிப் கிளட்ச் இருக்கிறது, இந்த வேலையைச் செய்கிறவர்களைத்தான் காணோம். கூடவே, ஷாஃப்டின் டிராக்டர் முனையில், சுழற்சியைப் புல்வெட்டிக்குக் கொடுத்துத் திரும்ப வண்டிக்கு வரவிடாத ஒருவழிக் கிளட்ச் ஒன்றும் சேர்த்தோம். எங்களுடையது பழைய வண்டி. கிளட்ச்சை மிதித்தாலும் புல்வெட்டியின் கனமான தட்டு தன் வேகத்தில் சுழன்றுகொண்டே பி.டி.ஓ. வழியாகச் சக்கரத்தைத் தள்ளும். பாறை முன்னால் இருக்கும்போது வண்டி நிற்காமல் இரண்டடி முன்னேறுவது எவ்வளவு பயங்கரம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அதிக நாள் எடுத்தது மறைப்புத்தான். உயரத்தைக் குறைக்க முடியாது. மூன்று அங்குலத்தில் வெட்டினால் ஒவ்வொரு சரளையையும் கத்தி தொடும். இடைவெளியை அடைக்க வேண்டும், புல்லும் சிக்கக் கூடாது. முன்புறம் ரப்பர் பட்டை கட்டிப் பார்த்தோம். அது புல்லைக் கத்திக்குப் போகவிடாமல் படுக்க வைத்துவிட்டது. அங்கே சங்கிலிதான் சரி. ஒரே வரிசையாக இல்லாமல், முன்னொன்று பின்னொன்றாக இரண்டு வரிசை. முன்வரிசைச் சங்கிலிகளின் இடைவெளியைப் பின்வரிசை மறைக்கும்படி, நுனி தரைக்கு ஓரங்குலம் மேலே நிற்கும்படி தொங்கவிட்டோம். மெல்லிய சங்கிலியில் புல் சிக்கும், கனமான குட்டைக் கண்ணிச் சங்கிலியில் அவ்வளவாகச் சிக்காது என்பது இரண்டையும் மாட்டிப் பார்த்தபிறகுதான் புரிந்தது. நான் முன்பு கழற்றிப் போட்டது மெல்லிய சங்கிலி.

பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் பொருள் எங்கள் ஊரிலேயே இருந்தது. இந்தப் பக்கம் கல் அரைக்கும் கிரஷர்கள் நிறைய. அங்கே ஜல்லி ஏற்றும் கன்வேயர் பெல்ட் தேய்ந்தால் ஓரமாகச் சுருட்டிப் போடுவார்கள். ரப்பருக்கு நடுவே துணி அடுக்கு வைத்த பெல்ட். நாளெல்லாம் கருங்கல்லைச் சுமந்த பொருள் கருங்கல்லைத் தடுக்கவும் செய்யும் என்று தோன்றியது. ஒரு துண்டு வாங்கி வந்து, மேலே அகலமாக விட்டு, கீழே மூன்று அங்குல நாடாக்களாகக் கீறி, இரண்டு அடுக்காக, ஒன்றின் கீறல் மற்றதன் நாடாவால் மறையும்படி வைத்து, மேலே இரும்புப் பட்டை கொடுத்து போல்ட்டால் இறுக்கினோம். தேய்ந்தால் கழற்றி மாற்ற வேண்டும் என்பதால் எதையும் வெல்டிங் செய்யவில்லை. நாடாக்கள் பாறைமேல் மடங்கி ஏறி மறுபடி தொங்குகின்றன. வெட்டிய புல் அவற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இரட்டைக் கம்பிவலை ஒன்றும் கட்டினோம். இருட்டிய பிறகு டார்ச்சை வைத்துச் சுற்றி வந்தோம். பின்னால் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் சங்கிலிகளுக்கு நடுவே ஊசிமுனை வெளிச்சம் நான்கைந்து இடங்களில். அங்கே இன்னும் சில சங்கிலிகளைச் சேர்த்தோம்.

இத்தனைக்குப் பிறகும், வெட்டும் நாளில் தோப்புக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்தவில்லை. தோப்பின் அகலமே 100 மீட்டர் கிடையாது. அதனால் வெட்டுவதற்கு முந்தைய நாள் பெண்களை அழைத்து, வரிசை வரிசையாக நடந்து கல் பொறுக்கி, பெயராத கல்லுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு தோய்த்த குச்சியை நட்டுவிடுகிறோம். குச்சியைச் சுற்றி மூன்றடிக்குப் புல்வெட்டி போகாது, அரிவாள்தான். வெட்டும் நாளில் அவர்களுக்கு வேலை இல்லை, ஆனால் அந்த நாளுக்கும் கூலி உண்டு. முதலில் இதைச் செலவு என்று வீட்டில் சொன்னார்கள். ஸ்லிப் கிளட்சுக்குக் கொடுத்ததை யாரும் செலவு என்று சொல்லவில்லை.

மேல்காடு

டிராக்டர் கவிழ்வது பற்றி நான் இன்னும் நிம்மதி அடையவில்லை. பின்சக்கரங்களை இடவலம் மாற்றிப் போட்டு அகலத்தைக் கூட்டினோம். டயரின் வால்வை மேலே வைத்து, தண்ணீர் வால்வு மட்டம் வரும்வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிரம்பும். அப்படி நிரப்பி எடையைக் கீழே இறக்கினோம். ஆனால் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் எங்கள் வண்டியில் இல்லை. சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இங்கே கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்களுக்காக 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது; டிராக்டருக்கு அடியில் நசுங்கியவர்களும் நம் ஊர்களில் குறைவில்லை. தண்ணீர்க் குழாயை வளைத்து நான்காயிரத்துக்குச் சட்டகம் செய்து தருகிறேன் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். வண்டியின் முழு எடையும் விழும்போது தாங்கும் என்று சோதித்துப் பார்க்காத சட்டகம், இருக்கிறது என்ற தைரியத்தை மட்டும் கொடுத்து ஆளைக் கொல்லும். இருக்கைப் பட்டியும் அப்படித்தான்: சட்டகம் இருந்தால் பட்டி உயிரைக் காக்கும், சட்டகம் இல்லாமல் பட்டியைக் கட்டினால் குதித்துத் தப்பவும் வழியில்லை. சரியான சட்டகம் கிடைக்கும்வரை மேல்காட்டுச் சரிவு அறுபது சென்ட்டுக்கு வண்டி போகாது. மூன்று ஆண்டாக அதை அரிவாளால்தான் அறுக்கிறோம்.

போன மார்கழியில், பூ எடுக்கும் முன் கடைசி வெட்டு முடிந்ததும், கன்வேயர் பெல்ட்டைக் கழற்றித் தரையில் விரித்தேன். உட்பக்கத்தைச் சாக்குத்துணியால் துடைத்தபோது அடிபட்ட தழும்புகள் தெரிந்தன. அக்கா பக்கத்தில் குந்தி, விரலை வைத்து வைத்துத் தெலுங்கில் எண்ணினார். பதினேழு. அவற்றில் இரண்டு, முதல் அடுக்கைக் கிழித்துக்கொண்டு போய் இரண்டாவது அடுக்கில் நின்றிருந்தன. அந்த இரண்டும் நேர்பின்புறம், நடு நாடாவில்.